புதுப்பிப்பு: ஜெர்மனியில் லேன் இணையுமிடத்து மோதல், தவறு யார் மீது?

'ஜிப் முறைப்படி (குறுகலில் இரு லேன் வண்டிகளும் மாறிமாறி நுழைவது) ஒன்று விட்டு ஒன்றாக வந்தேன், வழி விடாதவர்தான் குற்றவாளி' என்ற வாதம் செல்லுமா என்பதுதான் முந்தைய இழையின் கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலில் ஒரு திருத்தம்.

ஆட்டோபானில் (ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலை) ஏறும் இணைப்புப் பாதையில் ஜிப் முறை கிடையாது. நேராக ஓடும் வண்டிகளுக்கே முன்னுரிமை. ஏறும்போது மோதினால் தவறு ஏறியவருடையது என்பதே முதல் அனுமானம்.

ஒரு லேன் முடிந்துபோகும் இடத்தில் ஜிப் முறை உண்டு. ஆனால் குறுகலுக்குச் சற்று முன்னால்தான், வெகு முன்பே நுழைந்தால் அது வெறும் லேன் மாற்றம். முறைப்படி நுழைந்தாலும், மாறுபவர்தான் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் பெரும்பங்கு அவர் தலையில்தான் விழும்.

நான் விட்டது இதுதான்: இரு பக்கமும் சமமாகக் குறுகி, எந்த லேனும் முடிந்துபோகாத இடம். அங்கே வலது லேனுக்கு முன்னுரிமை இல்லை, இருவரும் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பொறுப்பு பாதிப் பாதி.

ஆகவே வண்டியை நகர்த்தும் முன் குறுகல் பலகையைப் படமெடுங்கள், எந்த விதி பொருந்தும் என்று காட்டும் உயிர்நாடி அதுதான். பிறகு சக்கரங்கள் திரும்பியிருக்கும் கோணம், கோட்டிலிருந்து டயருக்குள்ள தூரம், கதவுக் கீறல் எங்கே தொடங்குகிறது என்பது. பின்னால் இடித்தவர்தான் தவறு என்ற பொதுவிதியும், முன்வண்டி அப்போதுதான் லேன் மாறியிருந்தால் தானாகப் பொருந்தாது.