ஆமணக்கெண்ணெய்க்கு 180 டிகிரியா?

பழைய_ஷிப்ட்:
ஆமணக்கெண்ணெயை நிக்கல் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) போட்டு ஹைட்ரஜனேற்ற '180 டிகிரி வையுங்கள், பேட்ச் சீக்கிரம் முடியும்' என்று வேகம்77 எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தச் சூட்டில், ஹைட்ரஜன் ஏற வேண்டிய இரட்டைப் பிணைப்போடு ஹைட்ராக்சிலும் (OH தொகுதி) கழலத் தொடங்கும். 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் வேண்டிய இடத்தில் வெறும் ஸ்டியரிக்கும் கீட்டோனும் சேரும். அதை வைத்து லித்தியம் கிரீஸ் காய்ச்சிப் பாருங்கள், தெரியும்.

வேகம்77:
வனஸ்பதி ஆலையில் 180-இல்தான் ஓட்டினோம். ஒன்றும் கழலவில்லை.

பழைய_ஷிப்ட்:
வனஸ்பதியில் கழல ஹைட்ராக்சில் எங்கே இருக்கிறது தம்பி?

வேகம்77:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். அயோடின் மதிப்பு (மிச்சமுள்ள இரட்டைப் பிணைப்பின் அளவு) 85-இலிருந்து 3-க்கு வந்தால் வேலை முடிந்தது. 180-இல் சீக்கிரம் வரும்.

பழைய_ஷிப்ட்:
வரும், யார் இல்லை என்றது? OH எவ்வளவு மிஞ்சியது என்று காட்டும் ஹைட்ராக்சில் மதிப்பு எவ்வளவு வந்தது? 160-ஐ ஒட்டித் தொடங்கியது 155-க்குப் பக்கத்திலாவது நின்றதா? அப்புறம், அயோடின் மதிப்பு ஒன்று குறைந்தாலே எண்ணெய் தானாக ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடேறும். 80 புள்ளி இறங்கும்போது கூலிங் காயில் இல்லையென்றால் 140-இல் தொடங்கியதே 250-ஐத் தாண்டிவிடும். நீங்கள் 180-இல் தொடங்குகிறீர்கள்! அவசரமென்றால் பிரஷரை ஏற்றுங்கள், ஸ்டிரரைக் கவனியுங்கள். ஹைட்ரஜன் எண்ணெயில் கரையாமல் மேலே நின்றால் சூடு மட்டும் என்ன செய்யும்?

லேப்_ராணி:
இரண்டு பேரும் எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லை. சோப்பும் பாஸ்பரஸும் போகாத எண்ணெயில் நிக்கல் செத்துவிடும். 140 ஆனாலும் 180 ஆனாலும் அதே கதிதான்.

வேகம்77:
அதைத்தான் சொல்கிறேன், கேட்டலிஸ்ட் நல்லதென்றால் 180 தாங்கும்.

லேப்_ராணி:
நான் அப்படிச் சொல்லவே இல்லையே!

நூல்_பூச்சி:
பிரெஞ்சு வேதியியலாளர் சபாத்தியே 1912-இல் நோபல் வாங்கியது இதற்குத்தானே? அவர் எத்தனை டிகிரி வைத்தார்?

பழைய_ஷிப்ட்:
அவர் பொருளை ஆவியாக்கிச் செய்தார். திரவ எண்ணெய்க்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் நார்மன், 1902 காப்புரிமை. இது தெரியாமல் நடுவில் வர வேண்டாம்.

நூல்_பூச்சி:
கேள்வி கேட்டால் கோபமா? இங்கே உங்களுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும் போல.

லேப்_ராணி:
போன மாதம் பில்டர் பிரஸ் விஷயத்திலும் இவர் இப்படித்தான் பாய்ந்தார்.

பழைய_ஷிப்ட்:
பில்டர் பிரஸ்ஸில் நான் சொன்னதுதான் சரி. அது கிடக்கட்டும், ஹைட்ராக்சில் மதிப்பு எங்கே?

வேகம்77:
பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பவில்லை. அது போதும். 180.

பழைய_ஷிப்ட்:
பார்ட்டி மெழுகுக்கு வாங்கியிருப்பான். மதிப்பைப் போடுங்கள்.