பழைய நூல் சேலைகளில் ஒட்டுப் போர்வை: அடித்துணியில் மடிப்பு விழுகிறது, என்ன செய்யலாம்?

சேலைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் பழைய நூல் சேலைகளைச் சதுரங்களாக வெட்டி, 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்ட ஒட்டுப் போர்வை ஒன்றைத் தைத்து வருகிறேன். சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியை முடித்துவிட்டேன். அதற்கு அடியில் விரிப்பாக விற்கும் பாலியஸ்டர் பஞ்சையும், அதற்கும் அடியில் சாயமேற்றாத காடாத் துணியையும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தைக்கத் தொடங்கியதும் சிக்கல் எழுந்தது.

மேற்புறம் பார்த்தால் தையல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் காடாத் துணியில் சிறு சிறு மடிப்புகள் தையலுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடங்களில் இது மிகுதி. ஓரத்தை நெருங்க நெருங்க மேல்துணி முன்னே தள்ளப்பட்டு, நேராக நிற்க வேண்டிய சதுரங்கள் சாய்ந்துவிடுகின்றன.

என்னிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால்மிதி இயந்திரம். 14ஆம் எண் ஊசியும் பருத்தி நூலும் பயன்படுத்துகிறேன். மேல்நூலின் டென்ஷனை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தேன், மாற்றம் தெரியவில்லை. தைப்பதற்கு முன் மூன்று அடுக்குகளையும் நான்கு ஓரங்களிலும் குண்டூசியால் பிணைத்திருந்தேன்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சதுரங்களில் சில, அரக்குச் சிவப்பு நிறச் சுங்குடிச் சேலையில் வெட்டியவை. போர்வையை முதன்முறை துவைக்கும்போது அந்தச் சாயம் வெளிர் நிறச் சதுரங்களில் இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மிதிகட்டை

ஊசியை 16ஆம் எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள். பாபின் கூட்டில் பஞ்சு அடைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

ஊடும்பாவும்

ஊசியை மாற்றுவதில் தவறில்லை, ஆனால் இந்த மடிப்புக்கு ஊசியோ பாபினோ காரணமாக இருக்க முடியாது. டென்ஷன் கோளாறாக இருந்தால் துணியின் ஒரு புறத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும், அல்லது ஒரு நூல் கம்பிபோல் நேராகக் கிடந்து மற்றது அதைச் சுற்றி ஓடும். நீங்கள் சொல்வது நூலின் கோளாறு அன்று. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதால் வருவது.

அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது புரிந்துவிட்டால் தீர்வை நீங்களே கண்டுகொள்வீர்கள். ஊசித் தகட்டின் கீழிருந்து எழும் பற்கள் அடித்துணியை மட்டும்தான் பின்னோக்கி இழுக்கின்றன. மேலே அழுத்தி நிற்கும் பிரஷர் ஃபுட்டுக்கு அந்த வேலை கிடையாது. அது மேல்துணியின் மீது உராய்ந்து அதைத் தடுக்கவே செய்கிறது. இரண்டு துணி மட்டும் இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நடுவில் உப்பிய பஞ்சு வந்ததும், மேல்துணியும் அடித்துணியும் ஒன்றையொன்று தொடவே இல்லை. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. ஒவ்வொரு தையலிலும் மேல்துணி ஒரு மயிரிழை பின்தங்கி, காலுக்கு முன்னால் சிறு அலையாகத் திரள்கிறது. அந்த அலை முன்பே தைத்த கோடு ஒன்றில் முட்டும்போது அதைத் தாண்டிப் போக வழியின்றி மடிகிறது. அடித்துணி தளர்வாக விரிக்கப்பட்டிருந்தால் அதே கதை அடியிலும் நடக்கும். கோடுகள் கடக்கும் இடத்தில் மடிப்பு மிகுதி என்று நீங்கள் எழுதியதே இதற்குச் சான்று.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குண்டூசிகளைத்தான். ஓரங்களில் மட்டும் பிணைத்தால் நடுப்பகுதி முழுவதும் விருப்பம்போல் நழுவும். தைத்த கோடுகளைப் பிரித்துவிட்டு, காடாத் துணியை உட்புறம் மேலே இருக்குமாறு தரையில் விரித்து, நாற்புறமும் ஒட்டும் பட்டையால் தரையோடு ஒட்டுங்கள். துணி சுருக்கமின்றி விறைப்பாக நிற்க வேண்டும். இழுத்து நீட்டிவிடக் கூடாது, நீட்டினால் பட்டையை எடுத்தவுடன் சுருங்கி மேல்துணியைக் குலைக்கும். அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவிப் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக, அதாவது சுமார் 4 அங்குல இடைவெளியில், போர்வை முழுவதும் ஊக்குகளைக் குத்துங்கள். குண்டூசி வேண்டாம், போர்வையைச் சுருட்டி இயந்திரத்துக்குள் நுழைக்கும்போது உருவிக்கொண்டு கையைக் குத்தும். ஊக்குகள் போதவில்லை என்றால் பிறகு உருவிவிடக்கூடிய நீளமான நூலோட்டம் போடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

தைக்கும்போது போர்வையின் நடுவில் ஒரு நெட்டுக்கோடும் ஒரு குறுக்குக்கோடும் முதலில் போட்டுவிட்டு, பிறகு அங்கிருந்து இருபுறமும் ஓரத்தை நோக்கிச் செல்லுங்கள். அடுத்தடுத்த கோடுகளை ஒரே திசையில் தையுங்கள். ஒரு கோட்டை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் தைத்தால் இடையிலுள்ள துணி எதிரெதிராக இழுபட்டு, நீங்கள் சொன்ன அதே சாய்வு வரும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் வரை கூட்டலாம். பிரஷர் ஃபுட் கம்பியின் உச்சியில் உள்ள திருகை ஓரிரு சுற்றுத் தளர்த்தி அழுத்தத்தையும் குறையுங்கள். அளவு மீறினால் துணி நகராமல் ஒரே இடத்தில் தையல் விழும், அப்போது சற்று இறுக்கிக்கொள்ளலாம்.

வாக்கிங் ஃபுட் என்று ஒன்று கிடைக்கிறது. அதன் அடியிலும் பற்கள் உண்டு. மேல்துணியையும் அதே வேகத்தில் நகர்த்தும். பழைய இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று அறிய, பிரஷர் ஃபுட்டை இறக்கிவைத்து, ஊசித் தகட்டிலிருந்து அதைப் பிடிக்கும் திருகின் நடுப்பகுதி வரை அளவெடுங்கள். முக்கால் அங்குலம் அளவில் இருந்தால் லோ ஷாங்க் எனப்படும் குட்டைக் காம்பு வகை பொருந்தும். அதன் கைப்பிடி, ஊசியை இறுக்கும் திருகின்மேல் அமர வேண்டும் என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழந்துணிப்பெட்டி

ஊடும்பாவும் எழுதியவை அனைத்தும் சரி. ஆயினும் நான் இருந்தால் அந்தப் பாலியஸ்டர் பஞ்சையே எடுத்துவிடுவேன். பல ஆண்டுகள் உடுத்தித் துவைத்த நூல் சேலை மிக மெல்லியது. அதற்கு அடியில் உப்பலான பஞ்சை வைப்பது துணிக்கும் நல்லதன்று, நம் ஊர் வெயிலுக்கும் ஏற்றதன்று. வங்காளத்தில் காந்தா என்று சொல்லும் போர்வையில் பஞ்சே கிடையாது. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, எல்லா அடுக்குகளையும் ஊடுருவும் ஓட்டுத் தையலால் இறுக்குவார்கள். அந்தத் தையலுக்கான நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது பழைய வழக்கம். கர்நாடகத்துக் கவுதியும் மராட்டியத்துக் கோதடியும் பழந்துணியில் பிறந்தவைதான்.

உங்கள் வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி இருந்தால் அதையே நடு அடுக்காக வையுங்கள். வேட்டியின் அகலம் ஏறத்தாழ 50 அங்குலம். நீளத்தைச் சரிபாதியாக்கிக் குறுக்கே வெட்டி, இரண்டு பாதிகளின் கரைகளையும் அருகருகே இணைத்தால் கிட்டத்தட்ட 100 அங்குலமும் 70 அங்குலத்துக்குச் சற்று மேலும் கிடைக்கும். 60க்கு 90 போர்வைக்கு ஓரம் வெட்டவும் இடமிருக்கும். இணைக்கும்போது விளிம்பை விளிம்பின்மேல் அரை அங்குலம் ஏற்றிவைத்துக் கையால் தைத்தால் நடுவில் தடிப்புத் தெரியாது. ஜரிகைக் கரையானால் அதைக் கத்தரித்துவிடுங்கள். இரண்டு வேட்டிகள் வைத்தால் மார்கழிக்கும் போதும். பருத்தி பருத்தியைப் பற்றிக்கொள்ளும் என்பதால் நழுவலும் வெகுவாகக் குறையும்.

சேலைக்கரை

மிக்க நன்றி. முழுப் போர்வையையும் பிரிப்பதற்கு முன் மிஞ்சிய துண்டுகளை வைத்து இரண்டு சிறு மாதிரிகள் தைத்துப் பார்த்தேன். பஞ்சு வைத்த மாதிரியில் ஊக்குகளை நெருக்கமாகக் குத்தியதும் மடிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் ஓரத்தில் சாய்வு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இரட்டை வேட்டி வைத்த மாதிரியில் சாய்வும் இல்லை, மடிப்பும் இல்லை. ஆகவே வேட்டியையே வைக்கப் போகிறேன்.

பிரிக்கும்போது வேறொன்றைக் கவனித்தேன். மேல்துணியின் சில இணைப்புகளில் சேலை இழைகள் தையலிலிருந்து நழுவி, சிறு இடைவெளிகள் தெரிகின்றன. அவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பழந்துணிப்பெட்டி

தையலுக்கும் துணியின் விளிம்புக்கும் இடையே கால் அங்குலம் விட்டு இணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடைத் துணிக்கு அது போதும். நைந்த சேலைக்கு அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவேனும் விட வேண்டும். இப்போது மேல்துணியை முழுவதுமாகப் பிரிக்க வேண்டியதில்லை. இழை நழுவிய இணைப்புகளில் மட்டும் பழைய தையலுக்கு உட்புறமாக இன்னொரு தையலை, 2 மில்லிமீட்டர் நீளத்தில், போட்டுவிடுங்கள். அந்த வரிசைச் சதுரங்கள் ஒரு நூலளவு சிறுக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது கோடு அந்த இணைப்பை ஒட்டியே ஓடுமாறு பார்த்துக்கொண்டால் பிடிப்பு இன்னும் உறுதியாகும்.

ஒவ்வொரு சதுரத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஃபால்ஸ் தைத்திருந்த கீழ்விளிம்பும், தோளில் ஊக்குக் குத்திய இடமும்தான் முதலில் நையும். பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும், அதாவது நெடுக்கிலும் குறுக்கிலும், மெதுவாக இழுத்தால் சரசரவென்று ஒலி வரும் துண்டு இருந்தால், அதற்கு எந்தத் தையலும் உதவாது. அதன் பின்புறம் வாயில் (voile) எனப்படும் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தைக்கலாம், அல்லது மாற்றிவிடலாம். அடுத்த போர்வைக்கு, வெட்டுவதற்கு முன்பே சேலைக்கு நல்ல கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். துணி தாள்போல் விறைத்து, கோணாமல் வெட்டுப்படும். முடிந்ததும் கஞ்சி போகத் துவைக்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம், பூச்சி அரிக்கும்.

ஊடும்பாவும்

சுங்குடிச் சாயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிவப்புச் சதுரம் ஒன்றின்மேல் ஈர வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒட்டினால், அடுக்குவதற்கு முன் சிவப்புச் சதுரங்களை மட்டும் பிரித்தெடுத்து, சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் நீர் தெளியும்வரை அலசுவதே வழி. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். சாயத் தொட்டியில் சாயம் நூலுக்குள் ஏற உப்பு உதவுகிறது என்பது உண்மை; ஏறாமல் மேலே தங்கிவிட்ட சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் சாயங்களுக்கு உரியது, பருத்திக்குப் பயனில்லை.

ஒருவேளை துவைக்கும்போது சாயம் இறங்கிவிட்டால், போர்வையைக் காயவிடாமல் உடனே நிறைய வெந்நீரில் சோப்போடு மூழ்கவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்த பின் எடுப்பது கடினம்.

சேலைக்கரை

ஈரத்துணிச் சோதனையில் வெளிர் இளஞ்சிவப்பு ஒட்டியது, ஆகவே அந்தச் சதுரங்களைப் பிரித்து அலசிக்கொண்டிருக்கிறேன். ஓரம் கட்டுவதற்குச் சேலைக் கரையையே பயன்படுத்தலாமா, அல்லது மூலைவாட்டில் கிராஸ் துணிதான் வெட்ட வேண்டுமா?

மிதிகட்டை

நான்கு ஓரமும் நேராக இருப்பதால் கிராஸ் தேவையில்லை. வளைவான ஓரத்துக்கு மட்டும் அது வேண்டும். இரண்டரை அங்குல அகலப் பட்டையை இரண்டாக மடித்து, மேற்புறம் இயந்திரத்திலும் பின்புறம் கையாலும் தைத்தால் உழைக்கும். கரையில் ஜரிகை இருந்தால் தவிருங்கள், கழுத்தில் உறுத்தும்.

பழந்துணிப்பெட்டி

ஓரம்தான் போர்வையில் முதலில் தேயும் இடம். எனவே நைந்த சேலையின் கரையாக இருந்தால் அதை விட்டுவிட்டு, உங்களிடம் மிஞ்சிய காடாத் துணியையே கட்டுங்கள். கட்டுமுன் அதை ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட மறக்க வேண்டாம்.