லேப்டாப் மக்கர் பண்ணினால்: வீட்டிலேயே சரியானவை, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவை

பொருநை, பாளையங்கோட்டை

தங்கை மகளின் லேப்டாப் திடீரென்று திரை கறுத்துவிட்டது. பவர் பட்டனில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் அவளுக்குக் கல்லூரியில் பிராஜெக்ட் வைவா. ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டால், பொருளைப் பார்க்காமலேயே "மதர்போர்டு போயிருக்கும், மாத்தணும்" என்றார்கள். பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்தேன். அந்த வெளிச்சத்தில் படம் மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் மட்டும்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். இதில் அதுவும் தெரியவில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தேன், டிவியிலும் படம் இல்லை. ஆகவே திரையின் மேல் பழி போட முடியாது. அடுத்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடித்தேன். மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய போர்டில், தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து பல லேப்டாப்புகள் இதிலேயே எழுந்துவிடும். இது எழவில்லை.

வாரண்டி முடிந்த லேப்டாப் என்பதால் பின்மூடியைக் கழற்றினேன். முதலில் பேட்டரி கனெக்டரை விடுவித்துவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கி, வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமை எடுத்தேன். தங்க நிறத்தில் மின்ன வேண்டிய பற்கள் மங்கிப் போயிருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சாய்வாகச் செருகி, 'டிக்' என்று கிளிப் விழும்வரை அழுத்தினேன். பேட்டரியை மாட்டிப் பவர் போட்டதும் உடனே வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினால் முதல் தடவை கொஞ்ச நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. பொறுத்திருந்ததில் லோகோ வந்தது. வைவாவும் நல்லபடியாக முடிந்தது.

மெலிதான புது மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்தே கொடுக்கிறார்கள், அங்கே இந்த வேலை நடக்காது. வாரண்டி இருக்கும்போது மூடியில் கையே வைக்காதீர்கள், நேராக சர்வீஸ் சென்டர்தான்.

எதை நாமே பார்க்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரியாததால்தான் பலருக்கும் ஒன்று காசு போகிறது, இல்லை லேப்டாப்பே போகிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நொய்யல், திருப்பூர்

பொருநை டீச்சர், கையே வைக்கக் கூடாத ஒன்றை நான் சொல்கிறேன்.

எங்கள் பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் அறையில் ஒரு லேப்டாப் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்தது. அதில் டேலி வேலை பார்க்கும் அக்கா, "டச்பேட் அமுங்க மாட்டேங்குது, மாத்திக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் டச்பேடின் கீழ் ஓரம் மேலே எழும்பி நிற்கிறது. மேசையில் வைத்தால் நான்கு காலும் படியாமல் ஆடுகிறது. மூடினால் நடுவில் இடைவெளி. அடியில் பேட்டரி பூரி மாதிரி உப்பி, டச்பேடை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

லித்தியம் பேட்டரி பழசாகி, எந்நேரமும் முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் உள்ளே வாயு உருவாகி இப்படி வீங்கும். அதைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். எழும்பியதை அமுக்கி உட்கார வைக்கப் பார்ப்பதும் ஆபத்துதான். அந்த நிமிடமே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, துணிக்கட்டுகள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் கடைக்குக் கொண்டுபோனோம். பஞ்சும் நூலும் நிறைந்த இடத்தில் அது எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் நானே சொன்னேன்.

இப்போது அலுவலகத்தில் எல்லா லேப்டாப்பிலும், லேப்டாப் கம்பெனி கொடுக்கும் செட்டிங்கில் போய், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்திருக்கிறோம். எப்போதும் சார்ஜரில் வைத்து வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்காரர், சென்னை

ரிச்சி தெருப் பக்கம் சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களையே பழுதுபார்க்கும் வேலை, செய்கிறேன். நொய்யல் செய்ததுதான் சரி. உப்பிய பேட்டரி, உள்ளே தண்ணீர் போன லேப்டாப், சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க், இந்த மூன்றையும் வீட்டில் வைத்து நோண்டாதீர்கள். நேரம் போகப் போகச் சேதம் கூடும்.

தண்ணீர் என்றாலும் எங்களிடம் அதிகம் வருவது டீயும் காபியும்தான். சமீபத்தில் ஒரு ஐடி தம்பி கொண்டுவந்தார். கீபோர்டில் டீ கொட்டியிருக்கிறது. துணியால் துடைத்து, ஹேர் டிரையர் காட்டி, போட்டுப் பார்த்திருக்கிறார், ஓடியிருக்கிறது. சரி, தப்பித்தோம் என்று விட்டுவிட்டார். சில நாளில் அடியோடு நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் சார்ஜிங் பகுதியைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. சிறு சிறு கெப்பாசிட்டர்களின் கால்கள் அரித்துப் போய்விட்டன. கொட்டிய அன்றே வந்திருந்தால் போர்டைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்து ஓட்டியிருக்கலாம். தண்ணீர் காய்ந்துவிடும், ஆனால் சர்க்கரையும் பாலும் காய்ந்தாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டு, ஈரத்தை இழுத்து, மின்சாரம் ஓடும்போதெல்லாம் செம்பைத் தின்னும்.

கொட்டினால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், ஃபைலைச் சேவ் பண்ண நிற்காதீர்கள். சார்ஜரையும் பென் டிரைவையும் பிடுங்குங்கள். திரையை விரித்தபடியே கவிழ்த்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி வையுங்கள். 'ஆன் ஆகுதா பார்ப்போம்' என்று மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். அரிசி மூட்டையில் புதைத்துக் கொண்டுவருகிறார்கள், அதில் ஒரு பலனும் கிடையாது. தூசியும் தவிடும் போர்ட்டுக்குள் போனதுதான் மிச்சம்.

சூடு விஷயம் வேறு. வீடியோ கால் போட்டால் ஃபேன் அலறுகிறது, சில நேரம் தானாக அணைகிறது என்றால் பெரும்பாலும் தூசி. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பஞ்சுப் படலமாக அடைத்துக்கொண்டிருக்கும், காற்று வெளியே போக வழியே இருக்காது. ப்ராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். நீங்களே ப்ளோயர் அடிப்பதானால் ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் கெட்டுப்போகும். வருடங்கள் ஆன லேப்டாப் என்றால் ப்ராசசரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து சுண்ணாம்பாகி இருக்கும். அதைக் கடையில் மாற்றிக்கொள்வது நல்லது.

அப்புறம் கீல். திறக்கும்போது 'கட கட' சத்தமோ, ஓரத்தில் பிளாஸ்டிக் விரிவதோ தெரிந்தால் அன்றே கொண்டுவாருங்கள். கீல் இறுகிப்போய், அது பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் கீலைத் தளர்த்தினால் போதும். தாமதித்தால் பேனல், திரை, திரைக்குப் போகும் கேபிள் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கப் பழகுங்கள்.

அலை ஓசை, நாகப்பட்டினம்

என் அனுபவம் சின்னது. லேப்டாப்பில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை. வைரஸ் என்றே நம்பி ஃபார்மட் அடிக்கக் கிளம்பினார் என் அண்ணன். கீழே ஓரத்தில் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது. ஆனால் சார்ஜ் முழுதாக இறங்கி அணைந்துவிட்டால் மறுபடி பழைய தேதிக்கே போனது. போர்டில் இருக்கும் நாணய அளவு சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தது, கடையில் மாற்றினோம். நல்லவேளை, ஃபார்மட் ஆகவில்லை.

வைகை, மதுரை

சர்வீஸ்காரர் அண்ணே சொன்ன அந்த மூன்றாவது ஆபத்து, சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க், எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தறுவாயில் இருந்த அக்கா ஒருவரின் பழைய லேப்டாப். ஃபோல்டரைத் திறந்தால் வெகுநேரம் சுற்றும், காதை வைத்துக் கேட்டால் 'டக்... டக்... டக்' என்று சீரான சத்தம். கள ஆய்வுப் பேட்டிகள் முழுக்க அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

சுற்றியிருந்த எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டிஸ்க் செக் ஓட்டு என்றார் ஒருவர், விண்டோஸைப் புதிதாகப் போடு என்றார் இன்னொருவர். நான் பிடிவாதமாக அணைக்கச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மிதக்கிறது. அந்த டக் சத்தம் வந்தால் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஓட ஓடத் தட்டையே சுரண்டிவிடலாம். டிஸ்க் செக் மாதிரி வேலைகள் மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைத்து, கடைசி மூச்சையும் வாங்கிவிடும்.

டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்யும் கடைக்கு நேராகக் கொண்டுபோனோம். அவர்கள் விண்டோஸைத் திறக்கவே இல்லை. தனிக் கருவியில் மாட்டி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, முரண்டு பிடித்த இடங்களைக் கடைசிக்கு விட்டார்கள். பேட்டிகளில் பெரும்பகுதி திரும்ப வந்தது. சில ஒலிப்பதிவுகள் வரவேயில்லை. அந்தப் பாட்டிமார்களில் ஒருவர் இப்போது உயிரோடும் இல்லை. லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம், அந்தக் குரலை எங்கே போய் வாங்குவது? தயவுசெய்து, இதைப் படிக்கிற இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலை வைக்கும் எஸ்எஸ்டி இப்படிச் சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்று ஓடியது இன்று காணாமல் போகலாம். ஆகவே எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

குறிஞ்சி, கொடைக்கானல்

மெட்டல் பாடி லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுருசுருவென்று மின்சாரம் ஏறுகிறது என்று என் மகன் சொன்னான். கடையில் கேட்டால் சார்ஜரை மாற்றச் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருந்தான் பையன், எர்த்தே இல்லை. எர்த் உள்ள பாயிண்டில் நேரடியாகச் செருகியதும் அது நின்றுவிட்டது. அப்படியும் நிற்காமல் பளிச்சென்று ஷாக் அடித்தால் அந்தச் சார்ஜரைத் தொடவே கூடாது என்றார்.

செம்மண், விழுப்புரம்

சர்வீஸ்காரர் அண்ணா, ஒரு சந்தேகம். பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆன் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வீடியோ பார்க்கவும் நோட்ஸ் தட்டவும்தான் வேண்டும். இதற்குச் செலவு செய்யலாமா, விட்டுவிடலாமா?

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்காரர், சென்னை

தாராளமாகச் செய்யலாம் தம்பி. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அதே இணைப்பில் பொருந்தும் சாட்டா வகை எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் இடம் காலியாக இருந்தால் ஒன்று சேருங்கள். இந்த இரண்டும் கொடுக்கும் வித்தியாசம் வேறு எதுவும் கொடுக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் ப்ராசசர் உங்கள் லேப்டாப்பில் இருக்காது. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் சொன்ன வேலைக்குப் போதும்.

ஆனால் அதே லேப்டாப்பில் மதர்போர்டு போனால் செலவழிக்காதீர்கள். ரிப்பேர் செலவு, அதே தரத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நானே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

எந்தக் கடையில் கொடுத்தாலும் சீரியல் நம்பரும், ரேம், எஸ்எஸ்டி அளவும் எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள். தொகையைச் சொல்லி உங்கள் சம்மதம் கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தாலோ ஏமாற்றினாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் கேட்டால் கோபம் வராது.

காவிரி, தஞ்சாவூர்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் நாத்தனாரின் லேப்டாப்புக்கு வாரண்டியில் மதர்போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ, 48 இலக்கம் கேட்கிறது. அப்படி ஒன்றை அவர் வைத்ததாகவே நினைவில்லை. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனதுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. அதன் சாவி போர்டில் உள்ள சிப்போடு பிணைந்திருக்கும். போர்டு மாறினால் 'நீ யார்' என்று கேட்கும். கடைக்காரர் பக்கம் தவறில்லை, அவரிடம் அந்த எண்ணும் இருக்காது. நல்லவேளையாக, போனில் அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பார்த்தபோது, அந்த லேப்டாப்பின் பெயருக்கு நேரே கீ இருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்திருந்தால் உள்ளே இருந்த குழந்தைகளின் படம் அத்தனையும் போயிருக்கும்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்காரர், சென்னை

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. போர்டு மாற்றும் முன்னால், லேப்டாப்பை முதலில் எழுப்பும் பயாஸ் மென்பொருளுக்கு அப்டேட் போடும் முன்னாலும், அந்தக் கீ கையில் இருக்கிறதா என்று நான் கேட்டுவிடுவேன். இல்லையென்றால் வேலையைத் தொடங்கமாட்டேன். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்த 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பையில் போட்டு வையுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்தால் மட்டும் போதாது, போனும் ஒருநாள் என் மாதிரி ஒருவர் மேசைக்குத்தான் வரும்.