நாலு சாக்ஸபோன் மட்டும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி கேட்டவர்கள் யாராவது உண்டா?

தூறல்:
ரஷ்ய இசையமைப்பாளர் கிளாஸுனோவ் 1932இல் எழுதிய சாக்ஸபோன் குவார்டெட், நால்வர் வாசிப்பது. பாரிஸில் ஒரு தேவாலயம், ஜனவரிக் குளிர், நான் கோட்டைக் கழற்றவே இல்லை. இரண்டாம் பகுதியில் ஷூமான் பாணியில் ஒன்று, ஷோபான் பாணியில் ஒன்று என்று வேரியேஷன்கள், ஒரே மெட்டின் மாற்று வடிவங்கள், வருமே, அந்த இரண்டுக்கும் நடுவில் நாலில் பெரிய, கீழ்க்குரல் சாக்ஸபோனான பாரிடோனை வாசித்தவர் அதன் மேல் வளைவில் இருக்கும் குட்டிச் சாவியை அழுத்தினார். தேங்கியிருந்த தண்ணீர் கல்தரையில் சொட் சொட்டென்று விழுந்தது. ஏழெட்டுச் சொட்டு இருக்கும், கடைசி வரிசை வரை கேட்டது. மற்ற மூவரும் ரீடை வாயிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்கள். சின்னப் பையன்தான், காது சிவந்துவிட்டது. அப்புறம் என்ன வாசித்தார்கள் என்றே ஞாபகம் இல்லை.

ஒத்துக்காரன்:
அந்தக் குளிரில் பித்தளைக்குள் மூச்சு போனால் தண்ணீராகத்தானே ஆகும், இதைப் போய்... எனக்கு உறுத்துவது வேறு. சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் பிறந்த பெல்ஜியத்துத் தினான் ஊரில் மாணவர்கள் நால்வர் நவீன இசையமைப்பாளர் ஸெனாகிஸின் ‘ஸாஸ்’ வாசித்தார்கள், 1987 சரக்கு. நான் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்தவன். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் அவர் வழுக்கிக்கொண்டு போவார், இவர்கள் அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்கள்! பாதியில் எழுந்தேன், நாற்காலி கிறீச்சிட்டது. சொப்ரானோ, அதாவது நாலில் மேல்க்குரல் சாக்ஸபோன், ஊதிய பெண் ஊதுவதை நிறுத்தாமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் வரிசை:
ஒத்துக்காரரே, கத்ரியை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? இது நாலு பேர் முகத்துக்கு முகம் பார்த்து வாசிப்பது, தாளம் போட ஆள் கிடையாது, சொப்ரானோக்காரர் கருவியை லேசாகத் தூக்கி இறக்குவதுதான் எடுப்பு. நான் ஒரே தடவை கேட்டேன், பக்கத்து சீட்டில் குறட்டை, அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதிதாகப் போகிறவர்கள் ஸெனாகிஸில் தொடங்காதீர்கள். 1850களில் சாக்ஸின் நண்பர் ஸாங்ழெலே எழுதியது முதலில், அது சர்க்கரைப் பொங்கல் மாதிரி. அடுத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஃபியூக் ஏதாவது, ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாக எடுத்துத் தொடரும் வகை அது, நாலு குரலும் தனித்தனியாகப் பிடிபடும். 1995இல் பிலிப் கிளாஸ் எழுதியதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயம் என்றால் பின்னால் உட்காரவே கூடாது, எதிரொலியில் எல்லாம் குழம்பி ஆர்மோனியம் ஆகிவிடும். பாரிடோனுக்கு நேர் எதிரேயும் வேண்டாம், மற்ற மூன்றும் காதில் விழாது.

தூறல்:
நான் யோசனை எதுவும் கேட்கவில்லையே? தண்ணீர் விட்டதைத் தப்பென்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தேன், அந்தப் பையன் மட்டும் குனிந்து, கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.