சர்வர் மாற்றும் இரவில் வரும் அஞ்சல்கள் தொலையுமா?

கேள்வி (பீன்யா, பெங்களூரு):
எங்கள் உதிரிபாகத் தொழிற்கூடத்தில் நாற்பது பேரின் மின்னஞ்சல் இன்னமும் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் 2016 அஞ்சல் சர்வரில்தான் இயங்குகிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், போஸ்ட்ஃபிக்ஸும் (அஞ்சலை அனுப்பிப் பெறும் மென்பொருள்) டவ்காட்டும் (பயனர்கள் தங்கள் அஞ்சல்பெட்டியைத் திறக்க உதவும் மென்பொருள்) கொண்ட லினக்ஸ் சர்வருக்கு மாறவிருக்கிறோம். மாற்றும் இரவில் வரும் கொள்முதல் ஆணைகள் தொலைந்துவிடுமோ என்பதே என் அச்சம்.

பதில்:
தொலையாது, ஐயா. உங்கள் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் முயலும். கைவிடுவதற்குமுன் நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்கிறது அஞ்சல் பரிமாற்றத்துக்கான இணைய விதிமுறையான ஆர்எஃப்சி 5321. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் டொமைனின் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதன் டிடிஎல், அதாவது பிற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம், 86400 வினாடியாக இருந்தால், மாற்றிய பின்னும் ஒரு நாள்வரை சிலருடைய அஞ்சல் பழைய சர்வருக்கே போகும். ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே அந்த டிடிஎல்லை 300 ஆகக் குறைத்து, பழைய சர்வரை ஒரு வாரமாவது அணைக்காமல் வைத்திருந்து, பழைய சர்வரின் அஞ்சல்களைப் புதியதற்கு நகலெடுக்கும் கருவியான ஐமேப்சிங்கை இன்னொரு முறை ஓட்டுங்கள். முன்பே நகலானவற்றை விட்டுவிட்டுப் புதியவற்றை மட்டும் அது கொண்டுவரும். நாட்காட்டியும் தொடர்பு முகவரிகளும் அதில் வாரா.

மற்றொரு பதில்:
நான் இதே வேலையைச் செய்தபோது வரவில் குறையில்லை. நாங்கள் அனுப்பியவைதான் ஸ்பேமில் விழுந்தன. அஞ்சல் உண்மையில் எங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டையும் சரிபார்த்தும் பயனில்லை. புதிய ஐபி முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரியிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் பதிவு) இல்லாததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதை டொமைன் பக்கத்தில் மாற்ற இயலாது. ஐபி முகவரியைத் தந்த இணைய நிறுவனம்தான் அமைக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. ஸ்கேன்களை மின்னஞ்சலில் அனுப்பும் கணக்குப் பிரிவு ஸ்கேனரில் பழைய சர்வரின் ஐபி நேரடியாகப் பதியப்பட்டிருப்பதை இன்றுதான் கண்டேன். அதையும் மாற்ற வேண்டும்.