பர்ச்சல் இலங்கையை மீட்டாரா?

கடலோரம்:
கனடா விமானப்படையின் லெனார்ட் பர்ச்சலை 'இலங்கையின் மீட்பர்' என்று எழுதுகிறார்கள். அவருடைய துணிவை நான் குறை சொல்லவில்லை. பட்டம்தான் பொருந்தவில்லை. 1942 ஏப்ரல் 4 அன்று காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலையிலிருந்து கேட்டலினா விமானத்தில் போனவர், தெற்கே நடுக்கடலில் யப்பான் அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். சரி, மறுநாள் என்ன நடந்தது? கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் மேலெழும்ப முன்பே யப்பான் விமானங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. கொழும்பில் குண்டு விழுந்தது.

பனிக்காடு:
விழுந்ததுதான் அண்ணை. ஆனால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பலவற்றை அதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தை அடித்ததும் இதே நகுமோதான். அங்கே முன்னறிவிப்பு இல்லை, இங்கே இருந்தது. அதற்கு பர்ச்சலின் விமானத்திலிருந்த ஒன்பது பேர் கொடுத்த விலையையும் பாருங்கள். கேட்டலினா மெதுவாகப் போகும் கடல் விமானம், யப்பானின் சீரோ போர் விமானங்களிடமிருந்து தப்ப வழியே இல்லை. செய்தியை மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வானொலிக் கருவி நொறுங்கியது. மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேர் சிறைப்பட்டார்கள்.

கடலோரம்:
விலையை நான் மறுக்கவில்லை. ஆனால் யப்பான் அப்போது இலங்கையைப் பிடிக்க வரவில்லை, பிரித்தானியக் கடற்படையை அடிக்கத்தான் வந்தது. அந்தக் கடற்படையின் பெரும்பகுதியோ மாலைதீவின் அட்டு பவளத்தீவில் நின்றது. ஏப்ரல் 1 அளவில் தாக்குதலை எதிர்பார்த்துக் காத்திருந்த அதன் தளபதி சோமர்வில், எதுவும் வராததால் எரிபொருள் எடுக்க அங்கே போயிருந்தார். அது தப்பியதற்கும் பர்ச்சலுக்கும் தொடர்பில்லை. கொழும்பிலிருந்து புறப்பட்ட கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் 5ஆம் திகதி யப்பான் தாக்குதலில் மூழ்கி 424 பேர் இறந்தார்கள்.

பனிக்காடு:
அவை சோமர்விலோடு சேரப் போன கப்பல்கள். அந்த இழப்பைச் செய்தி அனுப்பியவர் தலையில் போடக் கூடாது. நாட்டையே காப்பாற்றினார் என்பது மிகை, அதை ஒப்புக்கொள்கிறேன். துறைமுகத்தைக் காப்பாற்ற உதவினார் என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய செயல் அதற்குப் பிறகுதான். யப்பான் முகாம்களில் நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது, அடி வாங்கிக்கொண்டும் எதிர்த்து நின்றார். அதை யாரும் பேசுவதில்லை.

கல்லடிப்பாலம்:
இருவருமே ஏப்ரல் 5ஓடு நின்றுவிட்டீர்கள். 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. எங்கள் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியரின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றுதான். தன்னுடைய விமானங்கள் இல்லாமல் வெறும் தளத்தோடு நின்ற கப்பல் அது. அன்று காலையும் பர்ச்சலின் அதே 413ஆம் அணியின் இன்னொரு கேட்டலினா கப்பற்படையைக் கண்டு செய்தி சொன்னது. தோமஸ் என்பவர் தலைமை. அதையும் சுட்டு வீழ்த்தினார்கள், ஒருவரும் திரும்பவில்லை. பர்ச்சல் உயிரோடு வந்ததால் அவருக்குக் கதை இருக்கிறது. தோமஸின் ஆட்களுக்கு அதுவும் இல்லை.

கடலோரம்:
தோமஸ் பற்றி இன்றுதான் அறிகிறேன் தம்பி. பட்டத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் கொக்கலையைப் பற்றி இனி எங்கே எழுதினாலும் இரண்டு விமானங்களையும் சேர்த்தே எழுதுவேன்.