ஒன்ராறியோவில் முதல் பழைய கார்: 8000 டொலருக்குள் வாங்க நினைப்பவர்களுக்கு

புதிதாக வந்து ஸ்காபரோ, பிரம்டன், ஏஜக்ஸ் பக்கம் இருப்பவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: கையில் 8000 டொலர் இருக்கிறது, என்ன கார் எடுக்கலாம்? அந்த 8000 முழுவதையும் காருக்கே கொடுத்தால் முதல் பனிக்காலத்திலேயே கடன்பட வேண்டி வரும். 6000 டொலருக்கு மேல் விலை போட்ட காரைப் பார்க்கவே போகாதேங்கோ.

கணக்கு இதுதான். 6000 டொலர் காருக்கு 13 வீத வரி, 780 டொலர். கடையில்லாமல் தனி ஆளிடம் வாங்கினாலும் காரை உங்கள் பெயருக்கு மாற்றும்போது சேர்விஸ் ஒன்ராறியோ அரச அலுவலகத்தில் இந்த வரியைக் கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த விலை, காரின் ஹோல்சேல் மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. ஆகவே "ரசீதில் 2000 என்று போடுவோம், வரி மிச்சம்" என்று விற்கிறவர் சொன்னால் சம்மதிக்காதேங்கோ. வரியும் மிஞ்சாது, பொய்யான பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். மிச்சக் காசு றிம்மோடு நாலு வின்ரர் ரயருக்கும், வாங்கிய கையோடு வரும் ஓயில், பிறேக், பற்றரிச் செலவுக்கும் சரியாகப் போய்விடும்.

அடுத்தது காப்புறுதி. இதை விசாரிக்காமல் கார் தேடத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். ஸ்காபரோ, பிரம்டன் தபால் குறியீடுகளுக்குக் கட்டணம் நெருப்பு விலை. அதே ஆள், அதே கார், கிங்ஸ்டனில் இருந்தால் நன்றாகக் குறையும். சில மாடல்கள் களவு போவது கூடுதல் என்று நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் கேட்கின்றன. ஹொண்டா சி.ஆர்.வி.யின் பிந்திய வருடங்கள் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். அதனால் ஒரு கார் பிடித்தால் அதன் வின் நம்பரை, அதாவது காரின் அடையாள எண்ணை, வாங்கி, நாலைந்து இடத்தில் விலை கேட்டுவிட்டுத்தான் முற்பணம் கொடுங்கோ. இலங்கை, இந்திய லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்ற முடியாது. ஆனால் ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்தைக் கடிதத்தால் நிரூபித்தால், ஜி1 என்கிற ஆரம்ப லைசென்ஸின் எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு காத்திருக்காமல் ஜி என்கிற முழு லைசென்ஸின் வீதிப் பரீட்சைக்கே போகலாம். இலங்கையில் இருந்து வந்தவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தக் கடிதத்தை எடுப்பிக்க யாரிடமாவது சொல்லி வையுங்கோ. சில காப்புறுதி நிறுவனங்களும் அதைக் கணக்கில் எடுக்கும். ஆறாயிரம் டொலர் காருக்கு, உங்கள் பிழையால் இடிபட்டால் உங்கள் காரைத் திருத்தித் தரும் கொலிஷன் பகுதி தேவையா என்று யோசியுங்கோ, அது கட்டாயமில்லை. ஆனால் மற்றவருக்கு ஏற்படும் நட்டத்துக்கான பொறுப்புத் தொகையில் கை வைக்காதேங்கோ. சட்டம் கேட்பது 2 லட்சம் டொலர்தான். ஒரு பெரிய விபத்துக்கு அது காணவே காணாது. 10 லட்சத்துக்குக் குறைய எடுக்காதேங்கோ.

இனிக் கார். கிலோமீற்றரையும் வருடத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் போதாது. இந்த மாகாணத்தில் காரைக் கொல்வது கறள். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை வீதியில் கொட்டும் உப்பு அடிப்பக்கத்தைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே பளபளவென்று பொலிஷ் போட்ட காரின் கீழே கை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். எஞ்சினைத் திருத்தலாம், கியரை மாற்றலாம். உடம்பே கறள் தின்ற காரைத் திருத்தி முடியாது.

ஆகவே பகலில், மழையில்லாத நாளில் போங்கோ. போனில் நல்ல ரோர்ச் இருக்கும், ஒரு சின்னக் காந்தமும் கொண்டு போங்கோ. கதவுகளுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை ஓடும் விளிம்பைத்தான் றொக்கர் பனல் என்பார்கள். அதன் அடியில் விரலால் அழுத்திப் பாருங்கோ. இடையில் காந்தம் பிடிக்காத இடம் வந்தால் உள்ளே புட்டி அடைத்துப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பிறகு பின் சில்லுகளுக்கு மேலுள்ள வளைவின் உட்பக்கம், ஜக் வைக்கும் இடங்கள், பின்னுக்குப் போகும் பிறேக் குழாய்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு மினுங்கினால் சந்தேகப்படுங்கோ. கறள் பிடிக்காமல் வருடாவருடம் அடியில் ஓயில் அடித்த கார் அப்படி இருக்காது, எண்ணெயும் அழுக்கும் படிந்து அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த அசிங்கம் நல்ல அடையாளம்.

எஞ்சினைக் குளிரில்தான் கேட்க வேண்டும். "நான் வரும் வரை ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று முதலே சொல்லுங்கோ. போனவுடன் பொனற்றில் கை வையுங்கோ, சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடாக்கியிருக்கலாம். ஸ்ராட் பண்ணும்போது சங்கிலிச் சத்தம், நீலப் புகை இருக்கிறதா பாருங்கோ. நிற்கும்போது ரிவேர்ஸில் இருந்து டிரைவுக்குப் போட்டால் ஒரு நொடிக்கு மேல் தயங்கக்கூடாது, இடிக்கவும் கூடாது. ஸ்ரியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி மெதுவாக வட்டம் அடியுங்கோ, 'டக் டக்' என்றால் முன் சில்லு ஆக்சில் மூட்டு போய்விட்டது. பிறகு 401 நெடுஞ்சாலையில் ஏறி நூறு கிலோமீற்றர் வேகம் வரை ஓடிப் பாருங்கோ. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ரயர் கட்டை தடிப்பாக இருந்தாலும் பழசென்றால் விலையில் குறையுங்கோ.

இவ்வளவும் உங்களுக்குப் பிடித்தால் மட்டும் மெக்கானிக். விற்கிறவர் காட்டும் கராஜ் வேண்டாம், நீங்கள் தெரிந்தெடுத்த கராஜ். நூறு, நூற்றைம்பது டொலர் கேட்பார்கள், மனமாரக் கொடுங்கோ. ஹொயிஸ்ரில் தூக்கி அடியைப் பார்க்கச் சொல்லுங்கோ, ஸ்கானரும் போடச் சொல்லுங்கோ. வெறுமனே பிழைக் கோட் இல்லை என்பது போதாது, கார் தன்னைத்தானே சோதிக்கும் மொனிற்றர்கள் எல்லாம் 'ரெடி' என்று காட்டுகிறதா என்று கேளுங்கோ. பல மொனிற்றர் ரெடியாக இல்லையென்றால் யாரோ அண்மையில் எஞ்சின் லைற்றை அழித்திருக்கலாம், பற்றரியைக் கழற்றியிருக்கவும் கூடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோக விற்கிறவர் விடவில்லை என்றால் அந்தக் காரை மறந்துவிடுங்கோ.

"சேஃப்டி இருக்கு, பிறகென்ன" என்று சொல்வார்கள். சேஃப்டி சேர்ட்டிபிக்கற் பிறேக், ஸ்ரியரிங், லைற் போன்றவை அன்றைக்குக் குறைந்தபட்ச அளவில் இருந்தன என்றுதான் சொல்கிறது. எஞ்சினும் கியரும் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. 36 நாள்தான் செல்லும். அது இல்லாமல் பிளேற் போட்டு ஓடவும் முடியாது.

பேப்பர் விஷயம். தனியாளிடம் வாங்கினால் யூ.வி.ஐ.பி. என்கிற வாகனத் தகவல் பொதியை விற்கிறவர்தான் தர வேண்டும், சட்டப்படி அது அவர் கடமை. 20 டொலர்தான் செலவு. ஒன்ராறியோவில் இதுவரை யார் யார் பெயரில் இருந்தது, பதிவான கிலோமீற்றர், காரின் மேல் கடன் இருக்கிறதா, எல்லாம் அதில் வரும். கடன் இருந்தால் அது காரோடுதான் வரும், கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்தே காரைத் தூக்கிக்கொண்டு போகலாம். மற்ற மாகாண வரலாற்றுக்குக் கார்ஃபக்ஸ் என்கிற கார் வரலாற்று அறிக்கையை எடுங்கோ. பொதியில் உள்ள கடைசிப் பெயரும் விற்கிறவரின் லைசென்ஸும் ஒத்துப்போக வேண்டும். "மாமாவின் கார், அவர் ஊரில்" என்றால் கிளம்பிவிடுங்கோ. விற்கிறவருக்குப் போன் எடுத்து "அந்தக் காரைப் பற்றி" என்று மட்டும் கேளுங்கோ. "எந்தக் கார்?" என்று கேட்டால் அவர் டீலர் பதிவில்லாமல் பல கார்களை விற்கும் ஆளாக இருக்கலாம்.

டீலரிடம் போனால் ஓம்விக், அதாவது ஒன்ராறியோவில் கார் டீலர்களைக் கண்காணிக்கும் அமைப்பின், பதிவு இருக்கிறதா பாருங்கோ. விளம்பர விலையில் வரியும் பிளேற் செலவும் தவிர எல்லாக் கட்டணமும் அடங்க வேண்டும். பெரிய விபத்துத் திருத்தம், முன்பு ராக்ஸியாக ஓடியது போன்றவற்றை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். ஆனால் ஒன்றை மனதில் பதியுங்கோ: ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்துப் போட்ட பிறகு, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க அவகாசம் எதுவும் இல்லை. கடன் வரலாறு இல்லாதவர்களுக்கு "எல்லோருக்கும் லோன்" என்று கூப்பிடும் இடங்களில் வட்டியைப் பார்த்தால் நெஞ்சு பதறும். சீட்டுக் காசு விழும் வரை இன்னும் இரண்டு மாதம் பஸ்ஸில் போவது எவ்வளவோ மேல்.

நம்மவர்களிடம் வாங்குவது பற்றி: கோயிலில் தெரிந்தவர், ஊர்க்காரர், அண்ணாவின் நண்பர் என்றால் பொதியும் கேட்பதில்லை, மெக்கானிக்கிடமும் போவதில்லை. கேட்டால் மனம் நோகும் என்று நினைக்கிறோம். கார் நின்றுபோன பிறகு நோகும் மனம் இரண்டு குடும்பத்துக்கும் பெரிசு. முதலே கேளுங்கோ, நேர்மையானவர் குறை நினைக்கமாட்டார்.

மாடல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொரோலா, யாரிஸ், சிவிக் எல்லோருக்கும் தெரியும், அதனால் விலையும் கூட. ரொயோட்டா மற்றிக்ஸும் பொன்ரியாக் வைப்பும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே கார். பொன்ரியாக் என்ற பெயரால் வைப் மலிவாகக் கிடைக்கும், கறள் இல்லாதது கண்டால் விடாதேங்கோ. 2006 முதல் 2008 வரையான சிவிக்கில் எஞ்சின் புளொக் வெடிப்பது தெரிந்த பிரச்சினை. 2013இல் இருந்து வந்த நிசான் சென்ரா, அல்ரிமாவின் சி.வி.ரி. என்கிற படிகளில்லாத ஓட்டோமற்றிக் கியர்களைத் தவிருங்கோ. ஹியூண்டாய், கியாவின் 2.4 எஞ்சின் சொனாற்றா, ஒப்ரிமா வாங்குவதென்றால் எஞ்சின் ரீகோல் (தயாரித்த நிறுவனமே திருப்பி அழைத்துத் திருத்துவது) வேலை செய்த அத்தாட்சி கையில் வேண்டும்.

ஏஜக்ஸில் இரவு வேலைக்குப் போகும் தங்கச்சி கேட்டது: 2010 கொரோலா, 2,10,000 கிலோமீற்றர், 5800 டொலர். அல்லது 2015 ஃபோர்ட் ஃபோகஸ், ஓட்டோமற்றிக் கியர், 95,000 கிலோமீற்றர், 5500 டொலர். தங்கச்சி, கொரோலாவைப் பாருங்கோ. அந்த வருட ஃபோகஸ் ஓட்டோமற்றிக்கில் உள்ள இரட்டைக் கிளச் கியர் நடுங்கும், தயங்கும், கிலோமீற்றர் குறைவென்பது அதைக் காப்பாற்றாது. இரவு இரண்டு மணிக்கு 401 ஓரத்தில் நீங்கள் தனியாக நிற்கக்கூடாது. கொரோலாவில் ரைமிங் பெல்ட் இல்லை, செயின்தான், அந்தச் செலவும் இல்லை. அடிப்பக்கம் நல்லதென்று மெக்கானிக் சொன்னால் 5300க்குக் கேட்டுப் பாருங்கோ. வாங்கினால் 6 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அவருடைய பிளேற்றை அவர் கழற்றிக்கொள்வார், உங்கள் காப்புறுதி அன்றே தொடங்க வேண்டும். அந்த வருடக் கொரோலாக்கள் ரகாற்றா நிறுவனத்தின் பழுதான எயார்பாக்குகளுக்கான ரீகோலில் இருந்தவை. வின் நம்பரை ரொயோட்டாவின் ரீகோல் பக்கத்தில் போட்டுப் பாருங்கோ. இன்னும் மாற்றவில்லை என்று காட்டினால் எந்த ரொயோட்டா டீலரும் இலவசமாக மாற்றித் தருவார், அதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கோ.